சிங்க மாதத்துப் புட்டிகள்

தேனி பஜாரில் அந்த நாளில் எனக்கு இருந்த பெயர் 'கடல் பேன் எண்ணுற பிள்ளை'. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சுகிர்தம். அதைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஏலக்காய் வியாபாரி பொன்னுராஜின் மகள், சென்னையில் விலங்கியல் படித்துவிட்டு மலேரியாவோடு திரும்பி வந்தவள், மாடி அறையில் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பூதக்கண்ணாடிக் குழாய்க்குள் எதையோ பார்த்துக்கொண்டே இருப்பவள். பஜாருக்கு இவ்வளவு தகவல் போதுமானதாக இருந்தது. முன்கோபக்காரி என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். அது உண்மைதான். நான் இங்கே சொல்லப்போகும் காரியம்கூட அந்த முன்கோபத்தால் வந்ததுதான்.

1938 தை மாதம். என் பேராசிரியர் சென்னையிலிருந்து ரயிலில் அனுப்பிய மரப்பெட்டிகள் மாடி முழுக்க அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் வைக்கோலுக்கு நடுவே சின்னச் சின்னப் புட்டிகள். புட்டிக்குள் தலைச்சேரிப் பக்கத்துக் கடல்நீர், கெடாமல் இருக்க ஃபார்மலின், அதில் மிதக்கும் பொடி உயிர்கள். கடுகில் பாதிகூட இராது ஒவ்வொன்றும். அவற்றுக்குக் கால் உண்டு, மீசை உண்டு, சிலதுக்குச் சிவப்பாக ஒற்றைக் கண்கூட உண்டு. நீந்துவது போலக் காலை உதைத்துக்கொண்டாலும், நீரோட்டம் எங்கே இழுக்கிறதோ அங்கேதான் அவை போகும். என் அம்மா சாராள் ஒரே ஒரு தடவை குனிந்து பார்த்தாள். "பேனு மாதிரில்ல இருக்கு!" என்றாள். பஜாரில் எனக்குப் பெயர் வந்த வழி அதுதான்.

வாரத்துக்கு ஒரு புட்டி; அந்தப் பெட்டிகளில் வந்தவை முதல் இரண்டு வருஷத்தவை, அள்ளுவது அதற்குப் பிறகும் நடந்தது. கோரன் என்ற படகுக்காரன் மெல்லிய துணியில் தைத்த கூம்பு வலையைத் தோணிக்குப் பின்னால் இழுத்து, வலையின் நுனியில் சேர்ந்ததைப் புட்டியில் ஊற்றி, பென்சிலால் தேதி எழுதிய துண்டுச்சீட்டையும் உள்ளேயே போட்டு அடைத்து அனுப்பினான். எழுத்து மலையாளம், மாதம் மலையாள மாதம், ஆண்டு கொல்லம் ஆண்டு. பேராசிரியருக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. எனக்குத் தெரியும். குமுளியில் அப்பா கடை வைத்திருந்த ஏழு வருஷமும் நான் அங்கே மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். "மலையாளம் தெரிந்த ஆள் நீ ஒருத்திதான்" என்று எழுதித்தான் அவர் பெட்டிகளை எனக்கு அனுப்பினார். அட்டவணை ஒழுங்காக வந்தால் உதவி ஆராய்ச்சியாளர் வேலை எனக்குத்தான் என்றும் எழுதியிருந்தார். ஒன்றரை வருஷக் காய்ச்சலுக்குப் பிறகு இந்த மாடியை விட்டு இறங்க எனக்கு இருந்த ஒரே படி அந்த வேலை. அதை நினைத்தால் ராத்திரி தூக்கம் வராது. கிடைக்காதோ என்று நினைத்தால் சோறும் இறங்காது.

பேராசிரியரின் எண்ணம் எளிமையானது. ஆடிக் காற்று இங்கே கூரையைப் பிய்க்கிறதே, அதே தென்மேற்குக் காற்று அங்கே கரையோரக் கடலைத் தெற்கு நோக்கி ஓடவைக்கிறது. மேல்நீர் கரையை விட்டு விலகும்போது அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அந்த நீரில் பாசி செழிக்கும். பாசியைத் தின்று என்னுடைய பேன்கள் பெருகும். அவற்றைத் தேடி மத்தி மீன் கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வரும். நீரோட்டம் வலுத்த வருஷம் ஆவணியில் பேன் மிகுதி, ஐப்பசிக்கு மேல் மத்தி மிகுதி. வலுக்காத வருஷம் இரண்டும் இல்லை. பத்து வருஷமாக அவர் இதைச் சொல்லிவருகிறார். கையில் கணக்கு மட்டும் கிடையாது. அந்தக் கணக்கை எடுக்கத்தான் கோரனும் நானும்.

ஆவணி என்றால் மலையாளத்தில் சிங்கம். புரட்டாசி என்றால் கன்னி. குமுளியில் சிங்கம் ஒன்றாம் தேதிதான் புது வருஷம். பள்ளிக்கூடத்தில் பாயசம் கொடுப்பார்கள். ஆகவே, சிங்கம் 1112 என்று சீட்டில் இருந்தால் அது 1936 ஆகஸ்டில் தொடங்கிய மாதம் என்று நான் விரலை மடக்காமலே எழுதிவிடுவேன். அப்படித்தான் எழுதினேன்.

எழுதி முடித்தபோது இரண்டு இடத்தில் இடித்தது. பேராசிரியர் கோரனிடம் வலையைக் கொடுத்தது 1935 செப்டம்பர் நடுவில். ஆனால் சிங்கம் 1111 என்று போட்ட நாலு புட்டிகள் இருந்தன. என் கணக்குப்படி அது ஆகஸ்டு. வலை கைக்கு வருவதற்கு முன்னாலேயே எப்படி அள்ளினான்? அடுத்து, 1937 ஆவணிக்கு ஒரு புட்டிகூட இல்லை. கடைசி மாதம் காலி.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கடைசி மாதம் கோரன் ஐயா கடலுக்கே போகவில்லை. எண்ணிக்கை குறையக் கூடாது என்று ஏதோ ஒரு நாளில் நாலு புட்டியை நிரப்பி, மனம்போன போக்கில் பொய்த் தேதி போட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். போதாததற்கு, சிங்கம் 1112 கடைசிப் புட்டியில் தேதிக்குக் கீழே இப்படி ஒரு வரி: 'இந்த வாரம் புது வருஷம் பிறக்கிறது. வலை கிழிந்துவிட்டது. வேறு வலை வேண்டும்.' சிங்கம் முடியப்போகும் நேரத்தில் என்ன புது வருஷம்? அது பிறந்து நாலு வாரம் ஆகிவிட்டதே! குடித்துவிட்டு எழுதியிருக்கிறான் என்று அந்தச் சீட்டைத் தனியே எடுத்துப்போட்டேன். வலை கிழிந்த விஷயத்தை நான் யாருக்கும் தெரிவிக்கவில்லை. பொய்த் தேதிப் புட்டிகள் நாலையும் அட்டவணையிலிருந்து நீக்கினேன். பேராசிரியருக்கு எழுதிய கடிதத்தில், இந்தப் படகுக்காரன் நம்பத் தகாதவன், ஏமாற்றியிருக்கிறான் என்று தெளிவான ஆங்கிலத்தில் எழுதினேன். அந்த ஆங்கிலம் எனக்கே மிகவும் பிடித்திருந்தது.

சனிக்கிழமை காலைத் தபாலில் பதில் வந்தது. வேலை எனக்குத்தான், மாசி முதல் வாரம் வந்து சேர வேண்டும். கோரனை நிறுத்தச் சொல்லிக் கடிதம் போய்விட்டது. அதற்குக் கீழேதான் அந்தப் பத்தி. என் அட்டவணைப்படி 1936 ஆவணியில் பேன்கள் மிகுதி. ஆனால் அந்த ஆண்டு ஐப்பசிக்கு மேல் மலபார்க் கரையில் மத்தி விழவே இல்லை. ஆகவே, பத்து வருஷமாகத் தாம் சொன்னது தவறு. திங்கட்கிழமை காலை சென்னையில் நடக்கும் ஆராய்ச்சியாளர் கூட்டத்தில் அதை ஒத்துக்கொண்டு பேசப்போவதாக எழுதியிருந்தார். அந்த மனிதர் வருத்தத்தைக்கூட ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை.

அம்மா கடிதத்தைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஆண்டவர் கண்ணத் தொறந்துட்டாரு. வா, சந்தைக்குப் போயி நல்லதா நாலு சாமான் வாங்கியாருவோம்" என்றாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ முள் மாதிரி இருந்தது. பேராசிரியருக்காக வருத்தப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தையில் கருவாட்டுக்காரி சுப்புத்தாய் எங்களுக்குப் பழக்கம். அன்றைக்கு அவள் முன்னால் மத்திக் கருவாடு வைக்கோல் போர் மாதிரி குவிந்து கிடந்தது.

"இம்புட்டு மத்தியா?" என்றாள் அம்மா.

"ஏன் கேக்கீக ஆத்தா! போன வருசம் ஒத்த மத்திக்கு நாயா அலைஞ்சோம். இந்த வருசம் மலையாளத்துல வள்ளம் வள்ளமா விழுகுதாம். கூடலூர் வழியா லாரி லாரியா இறக்குறாக. திங்கத்தான் ஆள் இல்ல."

அம்மா பேரம் பேச ஆரம்பித்தாள். எனக்குச் சந்தை இரைச்சல் காதில் விழவில்லை. இந்த வருஷம் மத்தி மிகுதி என்றால் 1937 ஆவணியில் பேன் மிகுதியாக இருந்திருக்க வேண்டும். அந்த மாதத்துப் புட்டிகள்தான் என்னிடம் இல்லை. போன வருஷம் மத்தி இல்லை என்றால் 1936 ஆவணியில் பேன் குறைந்திருக்க வேண்டும். என் அட்டவணையிலோ அங்கே மிகுதி. நான் பொய் என்று ஒதுக்கிய நாலு புட்டியிலும் பேன் மிகக் குறைவு. அந்த நாலை 1936-க்கும், மிகுதியான நாலை 1937-க்கும் கொண்டுபோய் வைத்தால்? எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. பேராசிரியர் சொன்னது அப்படியே நிற்கிறது. ஆனால் சிங்கம் 1112 எப்படி 1937 ஆகும்?

"அம்மா, நான் வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பாதித் தூரம் நடந்தேன், மீதித் தூரம் ஓடினேன். மலேரியாவில் எழுந்த உடம்புக்கு அது அதிகம். படியேறும்போது கண் இருட்டியது.

ஒதுக்கி வைத்த சீட்டைத் தேடி எடுத்தேன். 'இந்த வாரம் புது வருஷம் பிறக்கிறது.' சிங்கம் முடிகிறது, புது வருஷம் பிறக்கிறது. இதை ஒரு குடிகாரன் எழுதவில்லை என்பது எழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தும் மணிமணியாக இருந்தது.

கீழே கடையில் அப்பா ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டேன்.

"அப்பா, தலைச்சேரிப் பக்கம் வருசம் எப்பப் பொறக்கும்?"

"கன்னியில."

"சிங்கத்துல இல்லையா?"

"சிங்கத்துல பொறக்குறது திருவாங்கூர்ல. வடக்க மலபார்ல கன்னி ஒண்ணாந்தேதிதான் புது வருசம். மத்த மாசமெல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும். இந்தச் சிங்கம் ஒரு மாசம் மட்டும், இவுகளுக்குப் புது வருசம், அவுகளுக்குப் பழைய வருசம்." அவர் கை ஏலக்காயைப் பிரிப்பதை நிறுத்தவில்லை. "ஏன், பஜார்ல மூட்ட தூக்குறவனுக்குக்கூடத் தெரியுமே. ஒனக்குத் தெரியாதா?"

கம்பியில் குத்தியிருந்த கடிதங்களிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார். தலைச்சேரி மிளகு வியாபாரி எழுதியது. உள்ளே தேதி சிங்கம் 22, 1112. உறையில் தபால் முத்திரை 1937 செப்டம்பர்.

அவர்களுக்கு 1112 தொடங்குவது 1936 கன்னியில்; அதன் கடைசி மாதமான சிங்கம் 1937 ஆவணியில்தான் வரும். கோரன் ஒரு வாரமும் தவறவில்லை. வலையை வாங்கிய வாரத்தில் ஆரம்பித்து, இரண்டு வருஷம், மழையிலும் காற்றிலும் போய்ச் சரியாக அள்ளி, சரியாக எழுதி அனுப்பியிருக்கிறான். அவனுடைய ஊரின் வருஷத்தை என் ஊர் வருஷமாகப் படித்துவிட்டு அவனைத் திருடன் ஆக்கியவள் நான். மலையாளம் தெரிந்தவள் என்பதற்காகவே வேலைக்கு எடுக்கப்பட்டவள்.

விஷயத்தைச் சொன்னேன். சந்தையிலிருந்து வந்த அம்மா பையைக் கீழே வைக்காமலே கேட்டாள். பிறகு மெதுவாக, "வேலதான் கெடச்சாச்சுல்ல. அங்கன போயி, நெலச்ச பெறகு பக்குவமாச் சொல்லிக்கிட்டா ஆகாதா?" என்றாள்.

"திங்கக்கிழமை அவுக எந்திரிச்சு நின்னு, நான் சொன்னது தப்புன்னு எல்லார் முன்னாலயும் சொல்லப்போறாகம்மா."

"அவுக பெரியவுக. தாங்கிக்கிருவாக."

"கோரன்?"

அம்மா பையைக் கீழே வைத்தாள். அப்பா என்னைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "தந்தி அஞ்சு மணி வரைக்கும்தான். நாளைக்கு ஞாயித்துக்கெழம" என்று மட்டும் சொன்னார். அது போ என்றதா, யோசி என்றதா, எனக்கு இன்றுவரை தெரியாது.

தந்தி ஆபீசில் குமாஸ்தா வீரபாண்டி தாளை நீட்டினார். மணி நாலே கால். நான் எழுதினேன்: 'படகுக்காரர் இட்ட தேதிகள் குழப்பமானவை. அட்டவணை திருத்தப்பட வேண்டும். 1936 குறைவு, 1937 மிகுதி.' படித்துப் பார்த்தேன். பேராசிரியரும் தப்பித்தார், நானும் தப்பித்தேன். ஒரு வார்த்தைகூடப் பச்சைப் பொய் இல்லை. அதுதான் அதில் இருந்த அயோக்கியத்தனம். இன்னொரு தடவை கோரன் தலையில் மண்ணைப் போட்டுவிட்டு நான் சென்னைக்கு ரயில் ஏறுவேன். அந்த வேலையில் உட்கார்ந்து, அவனுக்குப் பதிலாக வேறு யாரோ அனுப்பும் புட்டிகளை எண்ணுவேன்.

தாளைக் கொடுக்கத்தான் கையை நீட்டினேன். பொய் சொல்லமாட்டேன், நீட்டினேன். வீரபாண்டி அதைப் பிடிக்கும்போது என் விரல் விடவில்லை.

"என்ன பாப்பா?"

"வேற தாள் குடுங்க."

இரண்டாவது தாளில் இப்படி இருந்தது: 'சிங்க மாதப் புட்டிகளை ஒரு வருஷம் தள்ளி வைத்துவிட்டேன். பிழை முழுவதும் என்னுடையது. கோரன் ஒரு வாரமும் தவறவில்லை. பொய்யும் எழுதவில்லை. 1936 குறைவு, 1937 மிகுதி. நீங்கள் சொன்னது சரி.'

வீரபாண்டி வார்த்தைகளை உரக்கப் படித்து எண்ணினார். தபால்தலை வாங்க நின்ற நாலு பேரும் கேட்டார்கள். "கோரன்கிறது ஆளு பேரா, ஊரு பேரா?" என்றார்.

"ஆளு" என்றேன்.

அவர் தந்திக் கட்டையைத் தட்டினார். காத்திருந்தார். மறுபடி தட்டினார். "மதுர எடுக்க மாட்டேங்குதே" என்றார். மணி நாலே முக்கால். காய்ச்சல் திரும்பிவிட்டதோ என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். இப்போது போகவில்லை என்றால் திங்கட்கிழமைதான், அதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருக்கும். வீட்டிலிருந்து ஓடி வந்தவள், தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஐந்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கட்டை தானாகக் கடகடவென்று பேசியது. "வாங்கிட்டாக" என்றார் வீரபாண்டி.

திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று, ஒரு சேதியும் இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே மாடியிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்து நின்றேன். வியாழக்கிழமை கடிதம் வந்தது. தந்தி சமயத்துக்குக் கிடைத்தது, திருத்திய அட்டவணையைக் கூட்டத்தில் படித்தேன், நன்றி என்று எழுதியிருந்தார். அடுத்த வரியில், வேலையைப் பற்றிக் குழு மறுபடி யோசித்தது. தேதியில் பிசகுபவரை எடுக்க முடியாது என்று வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கோரனை மீண்டும் வேலைக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியாகிவிட்டது. புட்டிகளை எண்ணும் வேலை விருப்பமிருந்தால் என்னிடமே இருக்கலாம்.

அம்மா அழுதாள். நான் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நியாயமாக நடந்துகொண்டோம் என்ற நிம்மதியெல்லாம் அன்றைக்கு வரவில்லை. வேலை போனதுதான் பெரிதாக இருந்தது.

மாசிக் கடைசியில் புதுப் பெட்டி வந்தது. முதல் புட்டியைக் குலுக்கி ஒரு கரண்டி எடுத்துக் கண்ணாடியில் ஊற்றினேன். பேன்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக நூல் துணுக்குகள். அடுத்ததிலும் அப்படியே. நாலாவது புட்டிச் சீட்டில் தேதிக்குக் கீழே நாலு வரி எழுதியிருந்தது: 'நிறுத்தச் சொல்லிக் கடிதம் வந்தது. என்ன குற்றம் என்று எழுதவில்லை. வலைக்குப் பழைய வேட்டியைக் கிழித்து ஒட்டுப் போட்டிருக்கிறேன், அதனாலோ என்று தெரியவில்லை. இந்த வாரமும் எடுத்திருக்கிறேன்.'

நிறுத்தச் சொன்ன பிறகும் கடலுக்குப் போயிருக்கிறார். அது வரைக்கும் 'அவன்' என்று எழுதிவந்த எனக்கு அதற்குப் பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை.

மறுநாள் பஜாரில் இருப்பதிலேயே நெருக்கமாக நெய்த மல் துணியாகத் தேடி வாங்கினேன். அம்மா வெட்டிக் கொடுத்தாள், நான் தைத்தேன். கூம்பு சரியாக வராமல் இரண்டு தடவை பிரித்தோம். வலையோடு ஒரு கடிதமும் மலையாளத்தில் வைத்தேன். நீங்கள் வலை கேட்டதை நான் படித்தேன், யாரிடமும் சொல்லவில்லை. உங்களைப் பொய்யர் என்று எழுதியது நான்தான். குற்றம் உங்களிடம் இல்லை. உங்கள் ஊரில் வருஷம் எப்போது பிறக்கிறது என்று எனக்குத் தெரியாததுதான் குற்றம். இதை எழுத நாலு தாளைக் கிழித்தேன்.

பதில் வரவில்லை. பங்குனி முழுக்கக் காத்திருந்தேன். கோபமாக இருக்கிறாரோ, வலை சேரவே இல்லையோ, அந்தத் துணி கடலுக்குத் தாங்கவில்லையோ என்று தினம் ஒரு பயம். சித்திரை நடுவில் அடுத்த பெட்டி வந்தது. ஆணிகளை நானே பிடுங்கினேன். முதல் புட்டியின் நீரில் நூல் துணுக்கு ஒன்றும் இல்லை. தெளிவாக, பேன்கள் மட்டும். சீட்டை இடுக்கியால் எடுத்து விரித்தேன்.

'வலை நன்றாக இருக்கிறது. எங்கள் வருஷம் அங்கே உள்ளவர்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குச் சிரமம் இல்லாமல் இனிமேல் இங்கிலீஷ் வருஷமும் போடுகிறேன்.'

போட்டிருந்தார், மணிமணியான எழுத்தில்: 1838.

நான் சிரித்த சிரிப்பில் அம்மா படியேறி ஓடிவந்தாள். "என்னடி, என்ன எழுதிருக்காக?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. வலை நல்லாருக்காம்" என்றேன்.

பென்சிலை எடுத்து, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக 1938 என்று எழுதினேன். அதைப் பற்றிச் சென்னைக்கு ஒரு வரியும் எழுதவில்லை.